ஏரிக்கரையில் தொடங்கி மலைப்பாதை வரை: பிள்ளைகளுக்குக் காட்டைப் படிக்கக் கற்றுத்தரும் முழு வழிகாட்டி

பிள்ளைகளுக்கு இயற்கையைப் பழக்க வேண்டும் என்று தோன்றியதும் பெற்றோர் முதலில் செய்வது, வண்டி பிடித்து ஏற்காட்டுக்கோ டாப்ஸ்லிப்புக்கோ கிளம்புவதுதான். இரண்டு நாள் அலைச்சல், போன் நிறையப் படம், சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குரங்கு. வேறெதுவும் மிஞ்சாது. எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று தெரியாமல் போகிறவருக்கு மலை வெறும் பச்சைத் திரை.

இந்த வழிகாட்டி எதிர்த் திசையில் போகிறது. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஏரிக்கரை, கண்மாய்க்கரை, தோப்பு, புறம்போக்கு ஆகிய ஏதாவது ஓர் இடத்தில் ஜூன் மாதம் தொடங்கி, மலைக்கு ஜனவரியில்தான் போகிறோம். கத்தியும் நெருப்பும் நடுவில் வரும். முதல் வாரமே தீ மூட்டக் கற்ற பிள்ளைக்கு எந்த மரமும் விறகாகத்தான் தெரியும். அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

வயது 8 முதல் 14. ஆறு அல்லது எட்டுப் பிள்ளைகள், பெரியவர்கள் இருவர். ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, இன்னொருவர் மற்றவர்களோடு இருந்தாக வேண்டும். ஒற்றை ஆளாக நடத்தவே நடத்தாதீர்கள்.

ஜூன்: ஒரே இடம், இருபது நிமிடம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் உட்கார ஓர் இடம். அழகான இடமாக இருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிட நடைக்கு மேல் போனால் மூன்றாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். முதுகுக்கு ஒரு மரம், எதிரே கொஞ்சம் வெட்டவெளி, ஓரமாகப் புதர் இருந்தால் போதும். பெரியவர் கண்ணில் படும்படி, ஒருவருக்கொருவர் பதினைந்து இருபது அடி தள்ளி உட்கார வையுங்கள். தண்ணீர் விளிம்பும் மதகும் வேண்டாம். மண் அள்ளிய ஏரிகளில் இரண்டடி தள்ளினாலே ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கும்.

உட்காருமுன் ஒரு கம்பால் தரையைத் தட்டி, சருகை விலக்கிப் பார்ப்பது கட்டாயம். செருப்பு போதாது, மூடிய ஷூ வேண்டும். பாம்புக்கடிக்கான விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான், எனவே எந்தப் பாம்பு என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சை எடுத்துத் தருவதில் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போனால் பாம்பைப் பற்றிய பாதிப் பயம் அறிவாக மாறும்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். பத்து நிமிடம் போதாது. ஆள் வந்து உட்கார்ந்ததும் அடங்கிப்போகும் பறவைகள் பழையபடி மேயத் தொடங்கவே பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிடும், எழுந்து போகும் நேரத்தில்தான் காட்சி ஆரம்பிக்கும். போன் வேண்டாம், பேச்சு வேண்டாம். முதல் இரண்டு வாரம் "போரடிக்குது" என்று கேட்கத்தான் செய்யும். அதற்கு விளையாட்டு ஏற்பாடு செய்யாதீர்கள், சலிப்பு தீர்ந்த பிறகுதான் கண் வேலை செய்யும்.

திரும்பியதும் நோட்டில் ஐந்து வரி: தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், என்ன பார்த்தேன், என்ன புரியவில்லை. கடைசி வரிதான் முக்கியம். கூடவே ஒவ்வொருவரும் ஒரு மரத்தைத் தத்தெடுத்து வாரம் ஒருமுறை துளிர், பூ, காய் பார்த்துக் குறிக்கட்டும். புங்கன், வேம்பு, கொன்றை, புளி எதுவானாலும் சரி. சீசன்வாட்ச் என்ற திட்டம் 2010 முதல் இதே முறையில் இந்தியா முழுக்கத் தகவல் சேர்க்கிறது. பிள்ளைகளின் பதிவையும் அதில் சேர்க்கலாம்.

ஜூலை: சத்தத்தைப் பிரித்துக் கேட்பது

பறவையின் பெயர் தெரிவதைவிட அது என்ன மனநிலையில் இருக்கிறது என்று தெரிவது முதலில் உதவும். ஐந்து வகைச் சத்தம்: பாட்டு, கூட்டத்தோடு தொடர்பில் இருக்கும் மெல்லிய குரல், குஞ்சு இரை கேட்டுக் கத்துவது, சண்டை, எச்சரிக்கை. முதல் நான்கும் சாதாரணம். ஐந்தாவதை அடையாளம் காணத்தான் ஒரு மாதம்.

தொடங்க ஏற்றது அணில். பூனையையோ பாம்பையோ கண்டால் வாலை வெட்டி வெட்டி ஆட்டியபடி, ஒரே இடத்தில் நின்று, நிமிடக்கணக்கில் விடாமல் கத்தும். அதன் மூக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். தலை கீழ்நோக்கி இருந்தால் ஆபத்து தரையில். வல்லூறு தாழப் பறந்து வந்தால் நடப்பது வேறு: ஒரே ஒரு கூர்மையான சத்தம், பிறகு எல்லாம் கப்சிப். அந்த அமைதியும் எச்சரிக்கைதான், பெரும்பாலோர் தவறவிடுவது அதைத்தான்.

தவிட்டுக்குருவிகள் ஆறேழு சேர்ந்து ஒரு புதரைச் சுற்றிக் கூச்சலிட்டால் உள்ளே பாம்போ கீரியோ இருக்க வாய்ப்பு அதிகம். கிட்டே போகாமல் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் எச்சரிக்கை உங்களைப் பற்றியது. வெட்டவெளிக் கூழாங்கல்லுக்கு நடுவே அதன் முட்டை இருக்கும், வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள். கரிச்சான் சில நேரம் வல்லூறு போலக் கத்தி, மற்ற பறவைகள் பயந்து விட்டுப்போன இரையைத் தூக்கிக்கொண்டு போகும். எனவே கரிச்சான் சொன்னதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பயிற்சி எளிது. சத்தம் கேட்டதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அது வந்த திசையில் கை நீட்ட வேண்டும். கண் திறந்து பார்த்தால் எட்டுக் கை எட்டுத் திசையில் இருக்கும். மாத முடிவில் எல்லாக் கையும் ஏறக்குறைய ஒரே மரத்தைக் காட்டும்.

ஆகஸ்ட்: தடம்

ஒரு மீட்டர் சதுரத்தில் சல்லடையில் சலித்த மணலை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, பலகையால் சமன் செய்து, மாலையில் விட்டுவிடுங்கள். வேலி ஓரம், வாய்க்கால் கரை, இரண்டு புதருக்கு நடுவே உள்ள இடைவெளி ஆகியவை நல்ல இடங்கள். இரை வைக்கக் கூடாது. வைத்தால் தெருநாய்தான் வரும், மற்றது எதுவும் வராது. காலை ஆறரை, ஏழு மணிக்குள் பார்த்துவிட வேண்டும், சூரியன் சாய்வாக இருக்கும்போதுதான் தடத்தில் நிழல் விழும். தடத்தை உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் வைத்து, குனிந்து பாருங்கள். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணுக்கே தெரியாது.

நாய், பூனை இரண்டையும் பிரிப்பதுதான் அரிச்சுவடி. நாய்த் தடத்தில் நகம் பதியும், விரல்களுக்கும் நடுத் திண்டுக்கும் (பாதத்தின் மெத்தைப் பகுதி) இடையே ஒரு பெருக்கல் குறி போடலாம். பூனைத் தடம் வட்டம், நகம் பதியாது, திண்டின் பின்விளிம்பில் மூன்று மடல்கள். சிறுத்தையும் இதே அச்சுத்தான், அளவுதான் பெரிது. பிள்ளை வீட்டுப் பூனையை நன்றாகப் படித்துவிட்டால் மலையில் தடுமாறாது. பன்றியின் பிளவுக் குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு குளம்புப் புள்ளிகள் விழும். முயல் ஓடும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களுக்கு முன்னால் பதியும். உடும்பு என்றால் நடுவே வால் இழுத்த கோடு.

அச்சு எடுக்க பிளாஸ்டர் ஆப் பாரிஸ் இரண்டு டம்ளர், தண்ணீர் ஒரு டம்ளர். பவுடரைத் தண்ணீரில் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் கட்டி தட்டும். தடத்தைச் சுற்றி இரண்டு அங்குல உயர அட்டை வளையம் வைத்து, கலவையைத் தடத்தின் ஓரத்தில் ஊற்றி உள்ளே வழிய விடுங்கள், நடுவில் ஊற்றினால் விரல் அச்சு சிதையும். அரைமணி நேரம் கழித்து மண்ணோடு தூக்கலாம். கழுவுவது மறுநாள். அன்றே தேய்த்தால் மண்ணோடு சேர்ந்து அச்சும் போய்விடும்.

மலையில் பயன்படும் ஒரு கணக்கு: யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். ஈரம் காயாத தடமாக இருந்தால் அளக்க நிற்காமல் திரும்பிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

திசை: வெளிநாட்டு வித்தைகள் இங்கே செல்லாது

மரத்தில் பாசி இருக்கும் பக்கம் வடக்கு, கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்குக் காட்டினால் தெற்கு, உச்சி வேளை நிழல் வடக்கே விழும் என்று வீடியோக்களில் வருவதெல்லாம் குளிர்நாட்டுக்கானவை. சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சி நிழல் தெற்கே விழும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை. பன்னிரண்டு மணி என்பதும் நம்பக்கூடியதல்ல. கோவையில் பிப்ரவரி மாதம் சூரியன் உச்சியைக் கடக்கும்போது கடிகாரத்தில் 12:36 ஆகியிருக்கும்.

ஆண்டு முழுக்கத் தவறாத முறை பழைய நிழற்கோல் முறை. சமதரையில் முழங்கால் உயரக் குச்சியை நடுங்கள். கல் கட்டிய நூலைப் பக்கத்தில் தொங்கவிட்டுச் செங்குத்தா என்று பாருங்கள், சாய்ந்திருந்தால் எல்லாம் கெடும். காலை பத்து மணிக்கு நிழலின் நுனியில் கல் வைத்து, குச்சியை மையமாக்கி அந்த நீளத்துக்குக் கயிற்றால் வட்டம் போடுங்கள். நிழல் சுருங்கி, பிறகு நீண்டு, பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டி மீண்டும் வட்டத்தைத் தொடும் இடத்தில் இரண்டாவது கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. குறுக்கே செங்குத்தாகப் போட்ட கோடு வடக்கு தெற்கு.

இரவில் துருவ நட்சத்திரம் மதுரையில் அடிவானத்துக்கு மேலே பத்து டிகிரிதான், கை நீட்டிப் பிடித்த ஒரு முஷ்டி அளவு. புகையும் மரமும் மறைத்துவிடும். அதைவிட ஓரியன் விண்மீன் கூட்டத்தின் நடுவிலுள்ள மூன்று நட்சத்திர வரிசை வசதி. எழுவது ஏறக்குறைய நேர் கிழக்கு, விழுவது நேர் மேற்கு.

செப்டம்பர்: கத்தி, கயிறு

கத்தி கொடுப்பதற்கு முன் இரண்டு வாரம் காய்கறித் தோல் சீவியால் புங்கன் அல்லது வேப்பங்குச்சியின் பட்டையைச் சீவட்டும். காய்ந்த குச்சி வேண்டாம், பச்சைக் குச்சிதான் வழுக்காமல் சீவும். பிறகு நான்கு அங்குலத்துக்கு மேற்படாத, பிடி திடமான கத்தி. உட்கார்ந்தபடிதான் வேலை. முழங்கை இரண்டும் முழங்காலில், குச்சி முழங்காலுக்கு வெளியே, வெட்டு உடம்பிலிருந்து விலகிப் போக வேண்டும். தொடை மேல் வைத்து வெட்டும் பழக்கம்தான் மோசம், உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கை நீட்டிச் சுற்றினால் யாரும் படாத இடைவெளி இருக்கட்டும். மழுங்கிய கத்தியும் ஆபத்து. அழுத்தம் கூடக்கூட வழுக்கும். வாரம் ஒருமுறை சாணைக்கல்.

முடிச்சு இருபது தெரிய வேண்டியதில்லை, இறுகாத கண்ணி ஒன்று உயிர் காக்கும். கயிற்றில் சிறு வளையம் போடுங்கள். நுனியை வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுத்து, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, அதே வளையத்துக்குள் கீழே இறக்கி இழுங்கள். எவ்வளவு பாரம் வந்தாலும் கண்ணி சுருங்காது, வேலை முடிந்ததும் விரலால் அவிழும். கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தால் தேறியதாகக் கொள்ளலாம்.

நெருப்பு: மூன்று தீக்குச்சி, ஒரு லிட்டர் தண்ணீர்

இதைச் சொந்தத் தோட்டத்திலோ வீட்டு முற்றத்திலோதான் செய்ய வேண்டும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். காற்று வீசாத நாள், சுற்றிலும் பத்தடிக்குச் சருகு இல்லாத தரை, மணல் விரிப்பு, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர்.

நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. தென்னம் பன்னாடையைக் கையால் கசக்கிப் பிரித்தால் பஞ்சு போல ஆகும், தேங்காய் நாரும் அப்படித்தான். அது இரண்டு கைப்பிடி. அதன் மேல் காய்ந்த ஈர்க்கு ஒரு கட்டு. பிறகு பென்சில் கனச் சுள்ளி ஓர் அணைப்பு, கடைசியில் கட்டைவிரல் கன விறகு. ஒடித்தால் "சடக்" என்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். எல்லாவற்றையும் தரம் பிரித்து அடுக்கி வைத்த பிறகுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். பிள்ளைகள் தோற்பது எப்போதும் இங்கேதான்: தீ பற்றிய பிறகு சுள்ளி தேடி ஓடுவார்கள், திரும்பி வருவதற்குள் அணைந்திருக்கும். இன்னொரு தவறு, பிடித்த உற்சாகத்தில் பெரிய கட்டையைப் போட்டு மூச்சை அடைப்பது. தரை ஈரமாக இருந்தால் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து அடுக்கி அதன் மேல் மூட்டுங்கள்.

எட்டி, அரளி, தில்லை மூன்றையும் எரிக்கக் கூடாது. அரளிக் குச்சியில் எதையும் குத்திச் சுடவும் கூடாது. சோதனை: மூன்று தீக்குச்சிக்குள் தீ மூட்டி ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அணைப்பதும் சோதனையில் சேர்த்தி. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்றால்தான் முடிந்தது. கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கும் தீக்கடைகோல் ஆசை வரும். வரட்டும், ஆனால் இதில் தேறிய பிறகு.

அதே நாளில் தண்ணீர்ப் பாடமும் முடித்துவிடலாம். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, ஊற்றி வைத்தால் மண் அடியில் தங்கும். தெளிந்தது என்பதற்காகக் குடிக்கக் கூடாது, கிருமி அப்படியேதான் இருக்கும். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். பூச்சிமருந்தும் சாயக்கழிவும் கொதிக்க வைத்தாலும் போகாது, நொய்யல் போன்ற ஆறுகளின் கரையில் இந்த வித்தைக்கு வேலையில்லை.

காட்டில் தின்னக் கற்றுத்தருவதை இதில் சேர்க்கவில்லை, காரணத்தோடுதான். செங்காந்தள் கிழங்கைச் சாப்பிடக்கூடிய கிழங்கு என்று நினைத்துத் தின்றால் உயிர் போகும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் அப்படியே. கொஞ்சம் கடித்துப் பார்த்துக் காத்திருக்கும் முறை பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

அக்டோபர், நவம்பர்: தார்ப்பாயும் ஓர் இரவும்

மழைக்காலம் கூடாரப் பாடத்துக்கு நல்ல வாத்தியார். பத்துக்குப் பன்னிரண்டு அடித் தார்ப்பாய், நடுக்கயிறு பத்து மீட்டர், முளை ஆறு. மார்பு உயரத்தில் நடுக்கயிற்றை இரண்டு மரத்துக்கிடையே கட்டி, தார்ப்பாயைப் போட்டு, காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்தி இழுங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மழையில் நடுக்கயிறு வழியாகத் தண்ணீர் உள்ளே ஓடி வரும். தார்ப்பாய்க்கு வெளியே கயிற்றில் ஒரு துணித்துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும்.

தென்னைக்கு அடியில் வேண்டாம், பட்டுப்போன கிளைக்கு அடியில் வேண்டாம், வறண்ட ஓடையில் வேண்டவே வேண்டாம். நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் பெய்த மழை வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது நொடிக்குள் இருந்தால் கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

மழை விட்ட ஒரு வார இறுதியில், தெரிந்தவர் தோட்டத்தில் ஓர் இரவு. வெறுந்தரையில் படுக்கக் கூடாது. கட்டுவிரியன் இரவில்தான் வரும், தூங்குகிறவரைக் கடித்தால் பெரிய வலிகூட இருக்காது. கயிற்றுக் கட்டில் உத்தமம், இல்லையென்றால் கொசுவலையைப் பாயின் அடியில் நாலு பக்கமும் செருகிப் படுக்க வேண்டும். எழுந்தால் டார்ச், ஷூவை உதறிவிட்டுப் போடுவது. மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து இருநூறு அடி தள்ளி, ஒரு சாண் ஆழக் குழி, பிறகு மூடுவது.

ஜனவரி: மலை

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகள் முதலில் தங்கள் ஏரிக்கரையைப் பதிவு செய்யட்டும். ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணினால் ஒரு பட்டியல். ஏழு மாதம் உட்கார்ந்தவர்களுக்கு இது விளையாட்டு மாதிரி.

மலைக்கு அனுமதியில்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதக் கால் வெல்லாது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. முதல் முறை எளிது போதும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்பதால் பாதைகளை மூடிவிடுவது வழக்கம், அதனால்தான் ஜனவரி.

ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் கணக்கில் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் (இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு), விசில், முழுக்கைச் சட்டை. சென்ட் பூசக் கூடாது, மலைத்தேனீ வாசனைக்குக் கிளம்பும். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், தண்ணீரில் குதிக்கக் கூடாது. வழி தவறிய பிள்ளை நடக்காமல் ஒரு மரத்தடியில் நின்று மூன்று மூன்றாக விசில் ஊத வேண்டும்.

வழிகாட்டியாக வருபவர்களில் அந்த மலைப் பழங்குடி இளைஞர்கள் உண்டு. "அண்ணே, இது என்ன தடம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினால் அவர்கள் நடையும் பேச்சும் மாறிவிடும். உச்சியை எட்டுவது முக்கியமில்லை என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, நடுவழியில் இருபது நிமிடம் உட்கார இடம் கேட்டு வாங்குங்கள்.

வீடு திரும்பியதும் துணியை வெந்நீரில் அலசி, உடம்பை, குறிப்பாக அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றை உண்ணிக்காகப் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், காட்டுக்கும் புதருக்கும் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் சாதாரணமாக வருவதுதான். சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஒன்று வலியில்லாமல் எங்காவது மறைவில் இருக்கும், அதைத் தேடிக் காட்டினால் மருத்துவர் உரிய மருந்தைச் சீக்கிரம் தொடங்க முடியும்.